உப்பளத்தில் ஒரு நேர்காணல்

கல்லூரிச் சேர்க்கைக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கண் எரியும். திட்டமிடுவது நல்லதுதான். நான் திட்டமிட்டதுதான் தவறு.

அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. எந்தக் கல்லூரியும் கேட்காத காலத்திலேயே என் சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் இருபது நகல் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தேன். (ஓனர் மகள் என்றால் சும்மாவா?)

ஒருநாள் பள்ளிக்கு வந்த வழிகாட்டி ஒருவர், "சில பெரிய காலேஜ்ல மார்க்கை மட்டும் பார்க்க மாட்டாங்க. உங்களைப் பத்திக் கட்டுரை கேப்பாங்க. உங்க கதை தனியாத் தெரியணும்" என்றார்.

அன்று மாலை என் கதையைத் தேடினேன். கிடைக்கவில்லை. அப்பா நல்லவர். அம்மா கிளினிக்கில் நர்ஸ். வீட்டுக் கூரை ஒழுகவில்லை. அதுவரை எனக்கு நேர்ந்த பெரிய துன்பம், நாலாம் வகுப்பில் வந்த அம்மை.

அந்த நேரம் பார்த்து சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, ப்ளஸ் ஒன் மாணவர்களுக்குக் கோடை முகாம் அறிவித்தது. முகாமுக்குப் போனவர்களுக்கு அடுத்த வருடச் சேர்க்கையில் முன்னுரிமை. அதற்கும் கட்டுரை வேண்டும். தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த உப்பளம் ஞாபகம் வந்தது. அப்புறம் பேனா நிற்கவில்லை. ஆறு வருடமாக விடியலில் உப்பு வாரிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன் என்று எழுதினேன். நிலா வெளிச்சத்தில் ஃபிசிக்ஸ் படிப்பதாகவும் எழுதினேன். (டியூப் லைட் வெளிச்சத்திலேயே எனக்கு ஃபிசிக்ஸ் புரியாது.)

பத்து நாளில் கல்லூரியிலிருந்து போன் வந்தது.

"எங்க புரொபசர்ஸ் ரெண்டு பேர் சனிக்கிழமை பாண்டிச்சேரி போறாங்கம்மா. போற வழியில உன்னை உன் உப்பளத்துலயே பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க."

என் உப்பளம்!

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கலையரசியிடம் ஓடினேன். அவளும் அவள் அம்மா மல்லிகா ஆன்ட்டியும் நிஜமாகவே உப்பளத்தில் வேலை செய்பவர்கள். கலை என் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தாள்.

"நிலா வெளிச்சத்துல யாருடி படிப்பா? அசதியில தூங்கிடுவோம்" என்றாள்.

ஆன்ட்டி அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாங்க எப்படா இத விட்டுப் போவோம்னு இருக்கோம். நீ ஒரு மணி நேரம் கடன் கேக்குறியா? வா, வா. ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை காலை அம்மாவின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். காலில் வெள்ளை சாக்ஸ். உப்புத் தண்ணீர் காலை அரிக்கும் என்று கேள்விப்பட்டு, முன்கூட்டியே திட்டமிட்டதன் விளைவு.

காரிலிருந்து ஒரு பேராசிரியையும் ஒரு பேராசிரியரும் இறங்கி வரப்பில் நடந்து வந்தார்கள். அம்மையார் என் காலைப் பார்த்தார். வேதியியல் துறையாம். தண்ணீரைக் காட்டி, "உப்பு பூக்கறதுக்கு முன்னாடி எத்தனை டிகிரி வேணும் ரீட்டா?" என்று கேட்டார்.

என் காதில் 'டிகிரி' மட்டும்தான் விழுந்தது.

"இப்போதைக்கு ஒண்ணு போதும் மேடம். அப்புறம் மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன்."

பின்னாலிருந்து கலை கிசுகிசுத்தாள்: "இருபத்தஞ்சுடி!"

"இருபத்தஞ்சு டிகிரி" என்று திருத்திக்கொண்டேன். அவ்வளவு படிக்க ஆயுள் போதுமா என்று அந்த நொடியிலும் கவலைப்பட்டேன். உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் டிகிரி அது என்று பிறகுதான் தெரிந்தது.

அறிவைக் காட்ட முடியாததால் உழைப்பைக் காட்ட நினைத்து, கழி பூட்டிய பலகையை எடுத்து உப்பை இழுத்தேன். உப்பு வரவில்லை. நான் போனேன். சேற்றில் சறுக்கி முகம் குப்புற விழுந்ததில் கண், மூக்கு, வாய் எல்லாம் உப்புத் தண்ணீர். "அம்மா, கண்ணு போச்சு!" என்று நான் அலறிய நேரத்தில் அப்பாவின் மொபெட் வந்து நின்றது. விருந்தாளிகளுக்குக் கூல் டிரிங்க்ஸ் கொண்டு வந்திருந்தார். கல்லூரிக்காரர்கள் வருவதை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், கட்டுரையில் எழுதியதைச் சொல்லவில்லை.

"பயப்படாதீங்க மேடம்" என்றார் அப்பா. "பாப்பா உப்பளத்துல கால் வெக்கிறது இதான் மொத தபா. வெயிலே ஆகாது அதுக்கு, வேர்க்குரு வந்துடும்."

ஆன்ட்டி என் முகத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

"மன்னிச்சிருங்க மேடம். எல்லாம் பொய். எனக்குன்னு கதையே இல்ல. அதான் இவங்களோடத எடுத்துக்கிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கலை பக்கம் திரும்பினார். "இருபத்தஞ்சுன்னு சொன்னது நீதானே? நீ ஏம்மா அப்ளை பண்ணல?"

"இதுல எழுத என்னா இருக்குது மேடம்?" என்றாள் கலை. "வேலதானே."

கண் எரிந்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். கட்டுரைக்காக அவள் வாழ்க்கையை எடுத்துக்கொண்ட எனக்கு, நீயும் எழுதேன் என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

விண்ணப்பிக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார் அம்மையார். உடை மாற்றிக்கொண்டு, சிவந்த கண்ணோடு கலையை நேராகக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கம்தான் எழுதினாள். அதில் நிலா இல்லை. தண்ணீர் எப்படிக் கெட்டிப்படும், மழை வந்தால் எப்படி எல்லாம் கரைந்து போகும், அன்று அம்மா என்ன சொல்லுவாள் என்பது மட்டும் இருந்தது. நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். முகாமுக்கு அவள் தேர்வானாள். எனக்கு ஒரு கண் சொட்டு மருந்து கிடைத்தது.

அடுத்த வருடம் இருவருக்கும் சேர்த்தே திட்டம் போட்டேன். எல்லாக் கடைசித் தேதிக்கும் ஒரு வாரம் முன்பே அனுப்பினோம். கலை வேதிப் பொறியியல் படித்தாள். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் இன்ஜினியர். நான் அப்பாவின் ஜெராக்ஸ் கடையைப் பற்றி, பொய்யில்லாமல் எழுதி, பாண்டிச்சேரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தேன்.

இந்தக் கதையை அப்பா என் நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி மாமியார் வீட்டில் முதல் சாப்பாடு. அத்தை மீன் குழம்பு ஊற்றிவிட்டு, சிரிக்காமல் கேட்டார்: "உப்பு சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லும்மா. இந்த வேலையில ஆறு வருஷம் இருந்தவ நீதான்."

பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ஒரு வாய் வைத்தேன். நாக்கு சுருண்டது.

"கரெக்டா இருக்குது அத்தை" என்றேன்.

உப்பு விஷயத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அதற்குப் பிறகு சொன்னவற்றுக்கு என்னிடம் கணக்கு இல்லை.