வளாகத்தில் குற்றங்கள்: பூஜ்யம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கையும் சின்னவளும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இந்த வரியோடு மரியாதை முடிந்தது. இனி வருவதை உட்கார்ந்து படிக்கவும்.

பெரியவளை அந்தக் கல்லூரியில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தாங்கள். ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற இடமாயிற்றே! “மாப்பிள்ளை, அங்க ஒரு குண்டூசிகூடக் காணாம போகாது” என்றீர்கள். வாசலில் ‘வளாகத்தில் குற்றங்கள்: பூஜ்யம்’ என்று ஆள் உயரத்துக்குப் பலகை வேறு. அதைப் பார்த்துத்தான் நானும் சொக்கிப்போனேன். மற்ற கல்லூரிகளுக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பங்களை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

போன மாதம் பெரியவள் காலை வகுப்புக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பினால், அறைப் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, கதவு மட்டும் திறந்திருக்கிறது. பூட்டு மாட்டும் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு யாரோ உள்ளே புகுந்து அவளுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கழற்றிய திருகாணிகளைச் சிந்தாமல் சிதறாமல் வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவு ஒழுக்கமான திருடன். இவள் அழுதுகொண்டே விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் ஓடினால், அந்த அம்மாள் சொன்னது என்ன தெரியுமா? “திருடுன்னு சொல்லாதம்மா, காணோம்னு சொல்லு. திருடுன்னா நான் மேல சொல்லணும். காணோம்னா நீ தேடினாலே போதும்.” சரி என்று இவளை, தொலைந்த பொருள்களுக்கென்று இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு குமாஸ்தா.

“கடைசியா எங்க வெச்சே?”

“மேசை மேல சார்.”

“மேசையில பார்த்தியா?”

“மேசையிலதான் சார் இல்ல.”

“அப்ப வேற எங்கயோ வெச்சிருக்கே. நிதானமா ஞாபகப்படுத்திப் பாரு.”

லேப்டாப் போனால் போகட்டும் மைத்துனரே, என் வயிறு எரிவது அதற்கில்லை. உங்கள் மருமகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லா அறையிலும் அதே கொண்டி, அதே திருகாணி. ஆகவே இப்படி ஒன்று நடந்தது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள் என்றாள். பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு மீசைக்காரர் இருக்கிறாராம். “ஒட்டினா பசங்க பயந்துடுவாங்கம்மா” என்றாராம். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயந்தால் என்ன குடி முழுகிப் போகும்? நான் பார்சல் ஆபீசில் காலம் தள்ளுகிறவன். ஒரு மூட்டை குறைந்தால் குறைந்தது என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவோம். மூட்டைக்கு இருக்கிற மரியாதை அங்கே பெண் குழந்தைகளுக்கு இல்லை.

ஒட்டவில்லை. அடுத்த வாரமே பக்கத்து அறைப் பெண் மறந்து வைத்த கால்குலேட்டரை எடுக்க வகுப்பிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். கதவைத் தள்ளினால் உள்ளே எவனோ நிற்கிறான். அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். குழந்தைக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கல்லூரி மருத்துவ அறையில் அதற்கு என்ன எழுதினார்கள்? ‘குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.’ அந்தக் கதவைத் தள்ளியது நம் பிள்ளையாக இருந்திருக்கலாம் இல்லையா?

அதற்கப்புறம் பெரியவள் பொறுக்கவில்லை. நடந்ததைத் தானே ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டுக்கூடக் கதவில் ஒட்டிவிட்டாள். உடனே பாயுதய்யா சட்டம்! சுவரை அசிங்கப்படுத்தியதாக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம், பெற்றவனை அழைத்து வரச் சொல்லி உத்தரவு. ஆக, ஒரு குற்றமும் நடக்காத அந்த வளாகத்தில் இந்த ஆண்டு பிடிபட்ட ஒரே குற்றவாளி, குற்றம் நடக்கிறது என்று சொன்ன என் மகள்.

போனேன். முதல்வர் அறை வாசலில் குடையைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். தேன் ஒழுகப் பேசுகிற மனிதர். “சார், இதையெல்லாம் நாங்க குற்றம்னு சொல்றதில்ல. விரும்பத்தகாத நிகழ்வுன்னு சொல்லுவோம்” என்றார். “குற்றம்னு போட்டா ஒரு பெற்றோரும் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டாங்க. நீங்களே சேர்ப்பீங்களா, சொல்லுங்க?” எனக்கு வந்ததே கோபம்! “உண்மையைச் சொல்ற கல்லூரியிலதான்யா நான் சேர்ப்பேன்! பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?” என்று கத்திவிட்டு எழுந்து வெளியே வந்தேன். குடையைக் காணோம். “என் குடையைத் திருடிட்டாங்க!” என்று ஆபீஸ் அதிரக் கத்தினேன். வாசலில் இருந்த பியூன் பதறிக்கொண்டு ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறையாக, “சார், சார், காணோம்னு சொல்லுங்க சார்” என்றார். மழையில் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். இன்னும் தும்மல் நிற்கவில்லை.

ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். தாளாளர் இன்னும் தங்கள் பேச்சுக்குக் கட்டுப்படுவார். அந்தப் பலகையில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். திருட்டு என்றால் திருட்டு, அடிதடி என்றால் அடிதடி. ஒளிக்கிற கல்லூரியைவிட ஒப்புக்கொள்கிற கல்லூரி ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கொள்கை. அதில் நான் மலையாக நிற்பேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ளவும். அக்காவுக்கு என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும் உரித்தாகுக. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பெரியவள் போன் செய்தாள். விடுதிப் பெண்கள் எல்லாரும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். கல்லூரி இறங்கி வந்துவிட்டது. கொண்டிகளை மாற்றுகிறார்கள். பூஜ்யத்தை அழித்துவிட்டு, ‘திருட்டு: இரண்டு, தாக்குதல்: ஒன்று’ என்று வாசல் பலகையில் எழுதிவிட்டார்களாம். இரண்டில் ஒன்று என் குடை. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கள் தங்கையிடமும் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டிய சின்னவளையும் மூன்று குற்றம் நடந்திருக்கிற இடத்தில் கொண்டுபோய் எப்படித் தள்ளுவது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியில் தொடங்கிய நாள் முதல் ஒரு குற்றம்கூட இல்லை என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அங்கே ஆபீசில் தங்களுக்குத் தெரிந்தவர் இருப்பார். தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். பெரியவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.