ராசிக் நானா தைத்துக் கொடுத்த டிரைசூட்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு உடுப்ப தையல் கடைக்குக் கொண்டுபோய், கை கால் நீளத்தைக் குறைச்சுக்கிட்டு வரணும்.

உடுப்புன்னா சாதாரண உடுப்பு இல்லீங்க, டிரைசூட். குளிர் தண்ணில துடுப்பு போடுறவங்க மாட்டுறது. கழுத்துலயும் மணிக்கட்டுலயும் இறுக்கமா ரப்பர், காலுக்கு அதோடயே ஒட்டுன சாக்ஸ். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது.

எனக்கு எதுக்கு அது?

இரத்தோட்டைக்கு மேல எஸ்டேட் குளத்துல லால் மாத்தயா டூரிஸ்டுங்கள சின்னப் படகுல விடுறாரு. யாராவது கவுந்தா தூக்குறதுக்கு ஆள் தேடினாரு. மிளகு மூட்டை தூக்கித் தூக்கி எனக்கு அலுத்துப்போச்சு. இந்த வேலை எப்படியாவது கெடைக்கணும்னு ஓடினேன்.

"நல்லம் மல்லி. ஆனா அந்தத் தண்ணி ஐஸ். டிரைசூட்டோட சனிக்கிழமை வா, பாப்போம்"னாரு. மாத்தயான்னா சிங்களத்துல ஐயா, மல்லின்னா தம்பி.

புதுசு என்ன விலைன்னு போன்ல பார்த்தேன். அந்தக் காசுக்கு ஒரு பழைய பைக் வாங்கலாம். போன மூடி வச்சுட்டேன்.

அப்பதான் மாத்தளை டவுன்ல, பழைய வெளிநாட்டு உடுப்பு விக்கிற கடையில, ரெயின்கோட்டுங்களுக்கு நடுவுல ஒண்ணு தொங்குச்சு! கடைக்காரருக்கே அது என்னன்னு தெரியல. ரெயின்கோட் விலைக்கே பேசி முடிச்சேன். என் மூளைய நெனச்சு எனக்கே பெருமை தாங்கல.

வீட்டுல போட்டுப் பார்த்தேன். முந்தி அத போட்டவரு தென்னமர உயரம் போல. என் வீட்டுக்காரி கல்பனா சுத்தி வந்து பார்த்துட்டு, "இதுக்குள்ள நீங்க எங்க இருக்கீங்க?"ன்னு கேட்டா.

இணையத்துல ஒருத்தர், "டிரைசூட்ல ஊசி படவே கூடாது, பசை போட்டுத்தான் ஒட்டணும்"னு சொல்லிக்கிட்டிருந்தாரு. இவனுங்க எல்லாத்தையும் பெருசு பண்ணுவானுங்கன்னு வீடியோவ பாதியில நிறுத்திட்டேன்.

நேரா பலாபத்வல, ராசிக் நானா தையல் கடை.

நானா துணிய தடவித் தடவிப் பார்த்தாரு. "நல்ல துணி தம்பி, வெட்ட மனசு வராது. முழங்கால்லயும் முழங்கையிலயும் உள்ளுக்கு மடிச்சுத் தைச்சுத் தாரேன். நாளைக்கு நீங்க வளந்தா பிரிச்சு விடலாம்."

எனக்கு முப்பத்தாறு வயசு!

ஆனா நானா வழக்கம் அது. ஸ்கூல் உடுப்புல இருந்து கல்யாண பிளவுஸ் வரைக்கும், பிற்காலத்துக்குன்னு உள்ள மடிச்சு வைக்காம விடமாட்டாரு.

"நானா, தண்ணி போகக் கூடாது. தையல் நெருக்கமா போடுங்க"ன்னேன். இதச் சொன்ன அறிவாளி நான்தான்.

"கவலப்படாதீங்க. ரெட்டைத் தையலே போட்டுடுறேன்."

சனிக்கிழமை குளத்தோரம் நின்னேன். சூட் அப்படியே அளவெடுத்த மாதிரி. லால் மாத்தயாவே "ஷா!"ன்னாரு. குதிச்சேன்.

மொதல்ல முழங்கால்ல சில்லுன்னு ஒரு கோடு. அப்புறம் முழங்கையில. ரெட்டைத் தையல்ல இருந்த அத்தனை ஓட்டையும் ஒழுங்கா வேலை செய்யுது! உள்ள வந்த தண்ணி வெளிய போகணுமே? அதுக்குத்தான் எல்லாப் பக்கமும் ரப்பர் போட்டு அடைச்சிருக்கே. காலு ரெண்டும் ஊதிக்கிட்டே போச்சு.

"மாத்தயா, கை குடுங்க!"

கவுந்தவங்களத் தூக்க வந்தவன டூரிஸ்டுங்க சேர்ந்து தூக்கினாங்க. கரையில தலைகீழா பிடிச்சு கழுத்து ரப்பர இழுத்துவிட்டப்ப, தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. ஒரு வெள்ளக்காரம்மா கைகூட தட்டினாங்க.

பல்லு கிடுகிடுன்னு ஆடுது. வேலை போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

லால் மாத்தயா ஒரு துண்டத் தூக்கிப் போட்டாரு. "மல்லி, அடுத்த சனிக்கிழமையும் வா. காப்பாத்தப் பழகுறவங்களுக்கு மூழ்குற ஆள் ஒருத்தர் வேணும். உன்னளவுக்கு நெசமா மூழ்குறவன நான் பார்த்ததே இல்ல."

"அப்ப சூட்ட ஒட்டி சரி பண்ணிட்டு வரவா, மாத்தயா?"

"ஐயோ, அதுல மட்டும் கைய வச்சுறாத!"

இப்ப ராசிக் நானா, கடைக்கு வாரவங்க எல்லார்கிட்டயும், "நான் தைச்சுக் குடுத்த உடுப்பாலதான் அந்தத் தம்பிக்கு வேலையே கெடைச்சது"ன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. இல்லன்னு சொல்லவும் முடியல.