ஆறு மணி சீரியலும் அடியில இருக்கிறவங்களும்

இந்தக் குளிர்காலத்துல இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லன்னா அந்த சீரியல் இருக்கணும். அப்படின்னு சபதம் போட்டேன். சும்மா வாய்ல இல்ல, மேசைல ஓங்கிக் குத்தி. குத்துன குத்துல டீ கவிழ்ந்து என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயம் ஊறிப்போச்சு. அந்தக் கோபமும் சீரியல் தலையிலதான் விழுந்துச்சு.

எங்க ஊரு சீனாவுல சாங்பிங் போர் நடந்த மண்ணு. ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி, சரணடைஞ்ச எங்க ஜாவ் நாட்டு வீரனுங்க நாலு லட்சம் பேர சின் நாட்டுப் படை இங்கதான் குழியில தள்ளி மூடுச்சுன்னு பழைய வரலாறு சொல்லுது. நாலு லட்சமாங்கிறதுல எனக்கு சந்தேகம் உண்டு. அந்த சந்தேகம்தான் என் ஆய்வேடு. ஆனா எலும்புல யாருக்கும் சந்தேகமில்ல. பேரிக்கா தோட்டத்துல மண்வெட்டி போட்டு ‘ணங்’குனா கல்லு. ‘டொக்’குனா ஆளு. டொக்குனா பேசாம மண்ணத் தள்ளி மூடிட்டு, நாலடி தள்ளி வேற குழி வெட்டுவோம். எங்க ஊருல பேரி மரம் நேர்வரிசையா நிக்காததுக்கு இதுதான் காரணம்.

நான் கட்டிக்கிட்டு வந்த சியூலான் ஷியான்யாங்காரி. அதாவது சின் நாட்டுத் தலைநகர்க்காரி. காதலிக்கிறப்ப வரைபடத்த யாரு பாக்குறா?

வீட்டுல ரெண்டே ரூம். வடக்கு ரூம்ல கணப்புக் கட்டில். அடியில நிலக்கரி எரியும், மேல மனுசன் உருகுவான். கிழக்கு ரூம்ல முட்டைக்கோஸ் அடுக்கி வச்சா வசந்தம் வரைக்கும் கெடாது. அங்க உக்காந்தா நானும் கெட மாட்டேன், ஆனா எழுத முடியாது. விரலு பேனாவோட ஒட்டிக்கும். புத்தாண்டு விடுமுறை முடியறதுக்குள்ள ஆய்வேட்டக் குடுக்கலன்னா பட்டியல்லேருந்து பேர அடிச்சிருவோம்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க. ஆக, எனக்கு வேண்டியது அந்த சூடான ரூம். அந்த ரூம்ல இருந்தது டிவி. டிவில இருந்தது சீரியல். ஏழு நாடு, ஏழு ராஜா, எழுபது சூழ்ச்சி.

“காகிதம்! ராஜா கையில காகிதம்! காகிதம் கண்டுபிடிக்கவே இன்னும் நூறு வருஷத்துக்கு மேல இருக்குடி!”

“கத்தாத. வசனம் கேக்கல.”

“தப்பான வசனத்தக் கேட்டு என்ன பண்ணப் போற?”

“ஏன்யா, உங்க ஜாவ் நாட்டுத் தளபதி ஒருத்தன் புத்தகத்தப் படிச்சிட்டு சண்டைக்குப் போய் மொத்தப் படையையும் காவு குடுத்தானே, அவன காகிதத்துல போர் பண்ணவன்னு நாடே சொல்லுது. காகிதமே இல்லாத காலத்துல காகிதத்துல போர் பண்ணது உங்காளு ஒருத்தன்தான்.”

பதிலுக்கு ஆய்வேட்டப் புரட்டிப் பாத்தேன். இன்னும் புரட்டுறேன்.

சின் தளபதி பாய் ச்சியா நடிக்கிறவன் வேற ரொம்ப அழகு. அவன் குதிரையில வந்தாலே இவளுக்குக் கன்னம் சிவக்கும்.

“நாலு லட்சம் பேர புதைச்சவன்டி அவன்!”

“அந்த எண்ணிக்கை தப்புன்னுதான நீ ஆராய்ச்சி பண்ற?”

“சரி, கொஞ்சம் கம்மியா புதைச்சவன்!”

“புதைச்சிட்டு சிரிச்சானா? பாரு, முகம் எவ்வளவு வாடியிருக்கு.”

“சியூலான், டிவிய கிழக்கு ரூமுக்குத் தூக்கிட்டுப் போயேன். எனக்கு எழுதணும்.”

“நீ கிழக்கு ரூம்ல எழுதேன்.”

“கை விறைச்சுரும்.”

“எனக்குக் கண்ணு விறைக்காதா?”

வாதத்துல தோத்தவன் என்ன பண்ணுவான்? சூழ்ச்சி பண்ணுவான். நான் படிச்சதே அதானே.

எங்க நிலாக் கணக்குல பத்தாம் மாசம் நெருங்கிக்கிட்டிருந்துச்சு. அந்த மாசம் முதல் நாள், செத்தவங்களுக்குக் குளிருக்கு உடுப்பு அனுப்புற நாள். காகிதத்துல சட்டை தச்சு, உள்ள பஞ்சு வச்சு, சாயங்காலம் எரிப்போம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஊரே குரலத் தாழ்த்திப் பேசும். பனிமூட்டம் தோட்டத்துலேருந்து கிளம்பி வாசல் வரைக்கும் வந்து நிக்கும். உள்ள வராது. ஆனா போகவும் போகாது.

அந்தப் பயம்தான் எனக்கு வேணும். போன்ல ஒரு ஆப் ஏத்தினேன். அதுலேருந்தே டிவிய நிறுத்தலாம், போடலாம். சியூலான் மூலையில மாவு பிசைஞ்சிக்கிட்டிருந்தா. நான் போன்ல மூழ்கி ஒரு வழியா அத டிவியோட சேர்த்துட்டேன்.

அன்னிக்கு ஆறு மணி. பாய் ச்சி குதிரையில வந்தான்.

“அங்கவடி! குதிரையில கால வைக்க அங்கவடி வச்சிருக்கான் பாரு! அந்தக் காலத்துல அங்கவடியே கிடையாதுடி!” கத்திக்கிட்டே பாக்கெட்டுக்குள்ள அமுக்குனேன்.

டிவி செத்துச்சு. ரூம்ல சத்தமே இல்ல. அடுப்புல கரி ஒண்ணு விரியுற ஓசை மட்டும். தெருவுல குரைச்சிக்கிட்டிருந்த நாய் பாதிக் குரைப்புல நின்னுச்சு. அது நான் ஏற்பாடு பண்ணது இல்ல.

“கரெண்ட் போச்சா?”ன்னா.

“விளக்கு எரியுதே.” குரல இறக்கினேன். “அவங்கதான்.”

“யாரு?”

“அடியில இருக்கிறவங்க.”

சியூலான் தரையப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா. கண்ணு ரெண்டும் பெருசாச்சு. எனக்குள்ள ஒரு பேரரசு நிமிர்ந்து உக்காந்துச்சு.

மறுநாளும் அதே. தளபதி வந்தான், நான் கத்துனேன், டிவி செத்துச்சு. அதுக்கு அடுத்த நாள் இவ பக்கத்து வீட்டு துவான் பெரியம்மாவக் கூட்டிட்டு வந்துட்டா.

துவான் பெரியம்மா பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அவங்க கையில இருந்த தட்டப் பாத்தா போதும். சுட்ட டோஃபு, பூண்டு போட்ட சோயாச் சக்கை. டோஃபு பாய் ச்சியோட சதை, சக்கை அவன் மூளை. எங்க ஊருல அப்படித்தான் பேரு. தலைமுறை தலைமுறையா அவனத் தின்னுக்கிட்டிருக்கோம், இன்னும் கோபம் தீரல.

“சாப்பிடு யிமிங். இன்னிக்கு மூளை நல்லா அமைஞ்சிருக்கு,”ன்னு என் பக்கம் தட்ட நீட்டினாங்க.

“எனக்குக் கூட ரெண்டு துண்டு குடுங்க பெரியம்மா,”ன்னா என் பொண்டாட்டி, சின் நாட்டுக்காரி. “உங்க ஊரு பழிவாங்கல் ரொம்ப ருசி.”

பெரியம்மா தின்னுட்டு வாயத் தொடச்சுக்கிட்டாங்க. “சரி, யாரு வந்திருக்காங்கன்னு கேட்டுருவோம். கிண்ணத்துல தண்ணி கொண்டா. மூணு குச்சி.”

சாப்பிடுற குச்சி மூணையும் சேத்து கிண்ணத்துத் தண்ணிக்குள்ள நிமிர்த்திப் பிடிச்சு, மேலேருந்து தண்ணி விட்டுக்கிட்டே ஒவ்வொரு பேரா சொல்லுவாங்க. சரியான பேரு வந்தா குச்சி தானா நிக்கும். ஈரக் குச்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். நான் படிச்சவன், எனக்குத் தெரியும்.

“யிமிங்கோட அப்பாவா?” குச்சி சரிஞ்சுது.

“பெரிய தாத்தாவா?” சரிஞ்சுது.

பெரியம்மா கொஞ்சம் நிறுத்துனாங்க. சன்னலுக்கு அந்தப் பக்கம் பனி கண்ணாடில மூஞ்சிய வச்சு அழுத்திக்கிட்டிருந்துச்சு.

“தோட்டத்துக்கு அடியில இருக்கிற பேரில்லாத புள்ளைங்களா?”

கைய எடுத்தாங்க. மூணும் நின்னுச்சு. நடுங்கல. எனக்கு விஞ்ஞானம் நல்லா தெரியும், ஆனா என் முதுகு அந்தப் பாடத்துக்கு லீவு போட்டிருந்துச்சு போல.

“இது தண்ணியோட ஒட்டுத்தன்மை, பெரியம்மா,”ன்னேன்.

“அப்ப டிவிய நிறுத்துனதும் தண்ணியா?”ன்னா சியூலான்.

பாக்கெட்டுல இருந்த போன இன்னும் உள்ள தள்ளினேன். வேற யாரு நிறுத்துனதுன்னு நான் சொல்ல முடியாதே.

“புள்ளைங்களா, இந்த சீரியல் வேணாமா? நிறுத்திரலாமா?”ன்னு பெரியம்மா கேட்டாங்க. நான் மனசுக்குள்ள, நில்லு நில்லுன்னு வேண்டினேன். குச்சி மூணும் பொத்துனு விழுந்துச்சு.

“அப்ப கடைசி வரைக்கும் பாக்கணுமா?”

நின்னுச்சு.

“அதெப்படி?” நான் குதிச்சேன். “அவங்கள கொன்னவன கதாநாயகனா காட்டுறான்! அத ஏன் அவங்க பாக்கணும்?”

சியூலான் என்ன ஒரு மாதிரி பாத்தா. சத்தம் போடாம சொன்னா: “அவங்க குழிக்குள்ள போனப்ப கதை பாதிலதான இருந்துச்சு? அப்புறம் யாரு ஜெயிச்சா, ஊரு என்ன ஆச்சு, பொண்டாட்டி புள்ளைங்க எங்க போச்சு, யாராவது போய் சொன்னீங்களா? நீ ஆயிரம் பக்கம் எழுதியிருக்கியே. ஒரு வரி அவங்ககிட்ட படிச்சுக் காட்டினியா?”

கணப்புல உக்காந்திருந்தும் என் கால் சில்லுனு ஆச்சு. கட்டில்ல சுருண்டிருந்த எங்க வீட்டுப் பூனை எந்திரிச்சு, கட்டிலோட அந்தப் பாதிலேருந்து இந்தப் பாதிக்கு வந்து படுத்துச்சு. காலியா விட்ட பாதியையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

“பாக்கணும்னா பின்ன ஏன் நிறுத்துறாங்க?” பெரியம்மா தாடையத் தடவினாங்க. “டிவி எப்பல்லாம் நின்னுச்சு?”

“இவரு கத்துனதும்,”ன்னா சியூலான்.

“எப்பவுமா?”

“எப்பவும். மொத நாளு அங்கவடின்னு கத்துனாரு, நின்னுச்சு. மறுநாளு நாற்காலின்னு கத்துனாரு, நின்னுச்சு.”

பெரியம்மா தொடையில தட்டினாங்க. “அட, புள்ளைங்களுக்கு இவன் சத்தத்துல வசனம் கேக்கலம்மா! யிமிங், நாளைலேருந்து ஆறு மணிக்கு நீ கிழக்கு ரூமுக்குப் போயிரு.”

“பெரியம்மா, அங்க முட்டைக்கோஸ் இருக்கு!”

“அது உன்ன எதிர்த்துப் பேசாது.”

மறுநாள்தான் உடுப்பு எரிக்கிற நாள். ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கிற முத்தத்துல காகிதச் சட்டைங்க குவிஞ்சு கிடந்துச்சு. நீலம், கருப்பு, சின்னது, பெருசு. காத்தே இல்ல, ஆனா ஒரு சட்டையோட கை மெல்லத் தூக்கி இறங்குச்சு. நான் முட்டைக்கோஸுக்கு நடுவுல உக்காந்து, சன்னல் வழியா வடக்கு ரூமப் பாத்துக்கிட்டிருந்தேன். திரை வெளிச்சம் நீலமா சுவத்துல அசைஞ்சுது. இன்னிக்கு அந்தக் குழி வர்ற எபிசோட்.

நான் தோத்துட்டேனா? போன் கையில இருக்குல்ல! இங்கேருந்தே அமுக்குவேன். நான் கத்தாமலே நின்னுதுன்னா பெரியம்மா தீர்ப்பு தப்பு. தீர்ப்பு தப்புன்னா டிவி இங்க, நான் அங்க. அமுக்குனேன்.

சன்னல் இருண்டுச்சு.

ஜெயிச்சேன்னு எழுந்திரிக்கிறதுக்குள்ள மறுபடி நீலமாச்சு.

அமுக்குனேன். இருண்டுச்சு. நீலமாச்சு.

முத்தத்தத் தாண்டிப் போய் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். ரெண்டு பொம்பளைங்களும் வெளிய எரிக்கப் போறதுக்குன்னு போட்ட பஞ்சுச் சட்டையோட கைக்குள்ள கைய விட்டு அசையாம உக்காந்திருக்காங்க. ரிமோட் அலமாரி உச்சில கிடக்கு. கட்டிலோட மறுபாதி காலி. அந்தக் காலி இடத்துக்கு முன்னாடி வரிசையா டீக் கிண்ணம். எல்லாத்துலயும் ஆவி பறக்குது. திரையில குழி வெட்டிக்கிட்டிருக்கானுங்க.

இன்னொரு தடவை அமுக்குனேன். என் கண்ணு முன்னாடியே செத்துச்சு. என் கண்ணு முன்னாடியே, யாரும் தொடாம, உயிர் வந்துச்சு. தோட்டத்துப் பக்கம் ‘டொக்’குனு ஒரு சத்தம்.

அதுக்கப்புறம் என் படிப்பு எங்க போச்சுன்னு தெரியல. காகிதச் சட்டைக் குவியலுக்கு முன்னாடி முட்டி போட்டுட்டேன்.

“ஐயா! தெய்வங்களே! நிறுத்துனது நான்தான்! நீங்க நிம்மதியா பாருங்க! அந்த ரூம் உங்களுக்கே! வசந்தம் வர்ற வரைக்கும் ஆறு மணி ஆனா நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்!”

சத்தம் கேட்டு ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. பெரியம்மா தீக்குச்சியக் கிழிச்சு சட்டைக் குவியல்ல வச்சாங்க. குப்புனு பிடிச்சுச்சு.

“அவங்க உடுப்புக்கு முன்னாடி வாக்கு குடுத்துட்ட யிமிங். அதுவும் இன்னிக்கு. இனி மாத்த முடியாது. அவங்க கேட்டுட்டாங்க.”

சியூலான் கடைசிச் சட்டைய எடுத்து நெருப்புல போட, பஞ்சுச் சட்டைக்குள்ளேருந்து கைய வெளிய இழுத்தா. கையோட போனும் வந்துச்சு. திரையில அதே ஆப். நிறுத்த சிவப்புப் பொத்தான், போட நீலப் பொத்தான்.

“சியூலான்! இது... நீயா?”

“நீ உன் போன சேர்த்தன்னிக்கே, ‘குவோ யிமிங்கின் போன் இணைந்தது’ன்னு டிவில இவ்வளவு பெருசா எழுத்து வந்துச்சு.”

“நான் பாக்கலையே!”

“நீ போனையே பாத்துக்கிட்டிருந்த. நான் டிவிய பாத்துக்கிட்டிருந்தேன்.”

“பெரியம்மா, கேட்டீங்களா? ஏமாத்திட்டா! வாக்கு செல்லாது!”

“நீ நிறுத்துன, அவ போட்டா. அது உங்க வீட்டுச் சண்டை,”ன்னாங்க பெரியம்மா, சாம்பலக் கிளறிக்கிட்டே. “வாக்கு குடுத்தது என்கிட்டயும் இல்ல, அவகிட்டயும் இல்ல.”

சாம்பல் மேல எழும்பி, காத்தில்லாத முத்தத்துல ஒரு சுத்து சுத்தி, வடக்கு ரூம் கதவுப் பக்கம் போச்சு. நான் பாத்தேன். அவளும் பாத்தா. அப்ப மட்டும் அவ சிரிக்கல.

இப்ப மணி ஆறரை. முட்டைக்கோஸ்களுக்கு நடுவுல போர்வையச் சுத்திக்கிட்டு நாலாவது அத்தியாயம் எழுதுறேன், கையுறையோட. கட்டிலோட மறுபாதில பூனை கூட இன்னும் ஏறல. போன் இப்பத்தான் அதிர்ந்துச்சு. சியூலான் அனுப்பியிருக்கா:

“விளம்பரம் ஓடுது. ஓடி வந்து டீ குடிச்சிட்டுப் போ. அவங்க தள்ளி உக்காந்து உனக்கு எடம் விட்டிருக்காங்க.”

போறேன். செருப்பக் கழட்டிட்டு, சத்தமில்லாம.