இன்னும் வராத தையல்காரம்மா

மனித நாகரிகத்தில் மூன்று பெரிய நிகழ்வுகள் உண்டு: நெருப்பு, சக்கரம், எங்கள் கண் மருத்துவமனையின் 'பதிவுத் தேதி'யை யாரும் திருத்த முடியாதபடி நான் பூட்டியது. முதலிரண்டைச் செய்தவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதற்குப் பாராட்டுக் கூட்டமே நடந்தது.

ஆபரேஷன் வரிசை பதிவுத் தேதிப்படி நகரும். முன்பெல்லாம் கணினி முன் உட்காருகிற எவரும் தேதியை மாற்றி, வேண்டியவரை முன்னால் தள்ளிவிடலாம். நான் பைதான் என்ற கணினி மொழியில் சில வரிகள் எழுதினேன். இனி அட்டவணையிலுள்ள தேதியை நிரல் படிக்கும்; மாற்றப் போனால் 'அனுமதி இல்லை' என்று சீறும். அசல் தேதி, '_தேதி' என்று தன் பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போட்டுக்கொண்டு உள்ளே ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டையும் சேர்த்துத் தட்டினால் மாற்றலாம்தான். ஆனால் கண்ணியமானவர்கள் தட்டமாட்டார்கள் என்பது எங்கள் தொழில் மரபு.

மறுவாரம் ஒரு தையல்காரம்மா வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. நாங்கள் கொடுத்த சீட்டில் போன வருடத் தேதி. கணினியில் அடுத்த வருடத் தேதி. பூட்டுக்கு முன்பே எங்கள் ஆள் தப்பாகத் தட்டியிருந்தார்.

கண்காணிப்பாளர் திரையை உற்றுப் பார்த்தார்.

"நீங்க இன்னும் வரவே இல்லையேம்மா."

"இதோ நிக்கிறேனே சார்!"

"நிக்கிறீங்க, சரி. ஆனா அடுத்த வருஷம்தான் பதிவு பண்ணப் போறீங்க. அவசரப்பட்டுட்டீங்க."

"சீட்டுல உங்க சீல் இருக்கு சார். போன வாரம் ஒரு சட்டைக்குக் கை வைக்கிற இடத்துல காலரை வச்சுத் தச்சுட்டேன். இன்னும் ஆறு மாசம் போனா மிஷினை மூட வேண்டியதுதான்."

"சீட்டு காகிதம்மா. காகிதம் தப்பு பண்ணும், பூட்டு பண்ணாது. என்ன பெரியவரே?" என்று என் பக்கம் திரும்பினார்.

"திருத்த வழியே இல்லை," என்றேன், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாக.

அன்று மாலை கண்காணிப்பாளரின் மச்சான் வந்தார். முந்தின நாள்தான் அவருக்குப் பார்வை மங்கியதாம்.

"பெரியவரே, நம்ம மச்சானைக் கொஞ்சம் கவனிங்க."

கவனித்தேன். ஒரே ஒரு கீழ்க்கோடு. மூன்று வருடத்துக்கு முன்பே பதிவு செய்த முன்யோசனைக்காரர் ஆகிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

வெள்ளிக்கிழமை தையல்காரம்மா மறுபடி வந்து, தடவித் தடவி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கண்ணில் கட்டோடு மச்சான்.

"பொறுமையா இருங்கம்மா," என்றார் அவர், அனுபவஸ்தராக. "நானே மூணு வருஷம் காத்திருந்தேன்."

"மூணு வருஷமா! பாவம்ங்க நீங்க," என்று உச்சுக்கொட்டிய அந்தம்மா, என் குரல் கேட்டுத் திரும்பினார். "ஐயா, அந்தப் பூட்டு ஒருத்தருக்கும் திறக்காதா?"

"ஒருத்தருக்கும்."

"அப்ப சரிங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரின்னா நான் என்ன சொல்ல?" என்று சுவரைப் பிடித்தபடி போய்விட்டார்.

மாத அறிக்கையில் எழுதினோம்: 'திருத்தக் கோரிக்கைகள் நாற்பத்திரண்டு. ஏற்கப்பட்டவை பூஜ்யம். நேர்மை நூறு சதவீதம்.'

நல்ல பூட்டுக்கு இலக்கணம் இதுதான். அது திருடனைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை; பறிகொடுத்தவரைச் சமாதானமாக வீட்டுக்கு அனுப்பி வைத்தால் போதும். திருடிய அனுபவத்தில் சொல்கிறேன்.