துணி கண்ணில் பட வேண்டும்

மீனாட்சிபுரத்துப் பக்கத்தில் நாச்சம்மாள் ஆறு பசு வைத்திருந்தாள். ரோட்டிலிருந்து தொழுவம் வரை முந்நூறு அடி. அத்தனையும் கரிசல் மண். பால் வண்டி நான்கு தடவை சேற்றில் சிக்கியபின், ‘உறுதியான பாதை என்ற சர்ட்டிபிகேட் உள்ள தோட்டங்களுக்குள் மட்டுமே வண்டி நுழையும்’ என்று அறிவிப்பு வந்தது. சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் தினம் இரண்டு வேளையும் பால் கேனை ரோடு வரை சுமக்க வேண்டும்.

நாச்சம்மாள் முறைப்படி செய்தாள். ஒரு சாண் மண்ணை வழித்து, அதற்கென்றே விற்கும் கெட்டித் துணியை விரித்தாள். தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஜல்லி சேற்றுக்குள் இறங்காது. மேலே ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டினாள்.

சோதிக்க ஓவர்சீயர் ரிஜின் வந்தார். அவருடைய ஜீப் குலுங்காமல் தொழுவம் வரை வந்து நின்றது.

“சேச்சி, துணி எங்கே?”

“நீங்க வந்த ஜல்லிக்குக் கீழதானுங்க இருக்குது.”

“எனக்குத் தெரியலையே.”

“கீழ இருந்தா எப்படீங்க தெரியும்? ஜீப்பு பதியலையே, அது போதாதுங்களா?”

ரிஜின் சோதனைப் படிவத்தைக் காட்டினார். “துணி நேரில் காணப்பட்டதா, ஜல்லி நேரில் காணப்பட்டதா. ரெண்டே கட்டம்தான். ஜீப்பு பதிஞ்சுதான்னு கேக்க இதுல கட்டமே இல்ல, சேச்சி.”

இரண்டு நாள் ஆள் விட்டு ஜல்லியை ஓரத்தில் ஒதுக்கினாள். ரிஜின் மறுபடி வந்தார்.

“துணி பிரமாதம். ஜல்லி எங்கே?”

“அதா, குமிச்சுக் கெடக்குதுங்களே.”

“குவியல் பாதையாகுமோ?”

அவள் முகம் வாடியது. ரிஜின் கல்நெஞ்சர் அல்லர், ஆழ்ந்து யோசித்தார்.

“இடது சக்கரத்துக்கு ஜல்லி, வலது சக்கரத்துக்குத் துணி. சேச்சிக்கும் திருப்தி, சர்க்காருக்கும் திருப்தி.”

முத்திரையோடு சர்ட்டிபிகேட் வந்தது. அதைக் கேள்விப்பட்ட அக்கம்பக்கத்துப் பதினொரு தோட்டக்காரர்களும் தத்தம் பாதையை அதே அளவில் பாதி திறந்து வைத்துச் சர்ட்டிபிகேட் வாங்கினார்கள்.

மழை பெய்தது. பால் வண்டி ஓட்டும் தங்கதுரை நாச்சம்மாளின் சர்ட்டிபிகேட்டை மரியாதையோடு படித்துவிட்டு உள்ளே வந்தான். இடப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் துணியைக் கிழித்துக்கொண்டு அச்சு வரை இறங்கின.

“ஏனுங்க்கா, இந்தப் பக்கமும் துணிக்கு ஒட்டுப் போட்டு ஜல்லியத் தள்ளி மூடிருங்க. நாளைக்கே வண்டி உள்ள வந்துரும்!”

நாச்சம்மாள் மண்வெட்டியை எடுத்தாள். வண்டியை இழுக்க வந்திருந்த அக்கம்பக்கத்தாரில் ஒருவர் கேட்டார்: “மூடுனா சர்ட்டிபிகேட் செல்லுங்களா?”

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

இப்போது பன்னிரண்டு தோட்டங்களிலும் சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. வண்டி ரோட்டிலேயே நிற்கிறது. எல்லோரும் கேன் சுமக்கிறார்கள். அவர்களில் கௌலத் மட்டும் ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் ஜல்லியை இழுத்து மூடிவிட்டாள். அவள் தொழுவம் வரை வண்டி போய் வருகிறது.

“பாருங்க அநியாயத்த! வாங்குன சர்ட்டிபிகேட்டுக்கு விரோதமா பால் ஊத்தறா!” என்று ரோட்டோரம் கேனை இறக்கினாள் நாச்சம்மாள்.

அன்றே ஓவர்சீயருக்குப் புகார் போயிற்று. அதில் பதினொரு கையெழுத்து. முதல் கையெழுத்து நாச்சம்மாளுடையது.