கம்ப்யூட்டருக்கு வேர்த்தது

உலகத்தில் இதுவரை நடந்த முன்னேற்றங்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நடந்ததுதான் ஆகப் பெரியது. பூண்டுலோயாவுக்கு மேலே, எதிரே நிற்பவரின் முகம்கூடப் பனிமூட்டத்தில் தெரியாத இடத்தில், நாங்கள் ஒரு கம்ப்யூட்டருக்குக் குளிரூட்டினோம். அந்த ஆபீசில் கிளாக்கராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

காரணம் மிகவும் நியாயமானது. கம்ப்யூட்டரைச் சூட்டிலிருந்து காப்பாற்றும் ஒரு 'நவீனத் தகடு' பற்றிக் கொழும்புக் கூட்டத்தில் சொன்னார்களாம். கரண்டு பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிரும் பக்கத்தைக் கம்ப்யூட்டரின் மூளைமேல் ஒட்டவேண்டும். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை திரும்பி வந்த அன்றே உத்தரவு போட்டுவிட்டார். சுடும் பக்கத்துக் காற்று மேசைக்கு அடியில் வந்ததால், பெரிய கிளாக்கர் மத்தியாஸ் ஐயாவின் பாதங்களும் பயன் பெற்றன.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஆபீசுக்கும் பக்கத்திலுள்ள பிள்ளை மடுவத்துக்கும் ஒரே கரண்டு லைன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே ஒரு ஹீட்டர் இருந்தது. அதுவும் தகடும் ஒன்றாக ஓடினால் பியூஸ் போகலாம் என்று மத்தியாஸ் ஐயா கருதினார். ஹீட்டர் 'தற்காலிகமாக' ஸ்டோருக்குப் போனது.

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“புள்ளைங்க ஒதறுதுங்க ஐயா. கொழுந்து எடுக்கிற ஷாமிலாவோட புள்ளைக்கு நெஞ்சுச் சளி. ஹீட்டர மட்டும் திருப்பிக் குடுங்க.”

“கம்ப்யூட்டர் சூடானா செத்துப்போயிரும், ஜீவராணி. புள்ளைங்க இந்த ஊர்ல பொறந்ததுங்க. குளிர் பழகிரும்.”

“கம்ப்யூட்டரும் இந்த ஊர்லதானுங்களே இருக்கு?”

மத்தியாஸ் ஐயா இப்படிப்பட்ட அறியாமையை மன்னித்து, பாதங்களை மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே நீட்டிக்கொண்டார்.

நிர்வாகத்தின் கருணை அத்தோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டருக்குக் காற்றும் வேண்டுமென்று ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். பனிமூட்டம் தாராளமாக உள்ளே வந்தது. குளிர்ந்த தகட்டில் அது நீராகப் படிந்து சொட்டத் தொடங்கியது. மெஷினுக்கே வேர்க்கிறதே என்று மத்தியாஸ் ஐயா இரக்கப்பட்டு, குளிரை இன்னும் கூட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. அதே காலையில் ஷாமிலாவின் பிள்ளை மூச்சுவிட முடியாமல் திணறியது. கம்ப்யூட்டர் தொரையின் ஜீப்பில் ஹட்டன் டவுனுக்கு ரிப்பேருக்குப் போனது. பிள்ளை கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

இரண்டையும் விசாரிக்கக் கூட்டம் கூடியது. முதலில் பிள்ளை. தொரை தன் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தாய் ஒழுங்காகப் போர்த்திவிட்டாளா என்று கேட்டார். ஷாமிலா வார்டில் பிள்ளையோடு இருந்ததால் பதில் சொல்ல ஆளில்லை. 'தாயின் கவனக்குறைவு' என்று முடிவு செய்தோம். டீ வருவதற்குள் வேலை முடிந்தது.

அடுத்தது கம்ப்யூட்டர். அதற்கு இரண்டு தடவை டீ வந்தது. ஹட்டனில் அதைத் திறந்து பார்த்த ரிப்பேர்காரன் றொக்சன் போனில் பேசினான். நாங்கள் தலைகுனிந்து கேட்டோம்.

“குளிருதான் காரணம் சார். தண்ணி எறங்கி எல்லாம் போச்சு. இந்த ஊருக்கு அந்தத் தகடே தேவையில்ல.”

தொரைக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் இருக்கும் அறை எந்நேரமும் சூடாக இருக்கவேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். பிள்ளை மடுவத்து ஹீட்டர் ஸ்டோரிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தது.

குளிரால் கெட்டது என்று எங்கள் தோட்டம் இதுவரை ஒப்புக்கொண்டது அந்த ஒரு கம்ப்யூட்டரைத்தான். வேறு வழியில்லை. பழியைப் போட அதற்கு ஒரு தாய் இல்லை.