மூன்று மாத ஸ்கொட்லாந்து

பொய் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. ஒன்றோடு நிறுத்துவதுதான் வராது.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில், சீசாப் பகுதியில் குடியிருந்தோம். வேலை கொடுப்பவர் கடிதம் தந்தால்தான் பெர்மெசோ, அதாவது தங்கும் அனுமதி, புதுப்பிக்கலாம். எனக்கோ வேலையே இல்லை. அந்த நேரம் பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோரா, பார்வை போன தன் கணவரைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலம் தெரிந்த ஆள் தேடினார்.

"அவை என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ," என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

பெரியவரின் தாய் ஸ்கொட்லாந்தில் கில்பரன் என்ற சின்ன ஊர்க்காரி. பெரியவர் அங்கே போனதே இல்லை. "நீ அந்தப் பக்கம் போயிருக்கிறாயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். (அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.) "கில்பரனில்தான் இரண்டு வருடம் இருந்தேன்."

வேலை கிடைத்தது. கூடவே தினமும் மத்தியானம் ஊர் வர்ணனையும். எனக்குத் தெரிந்த ஊர் இலங்கையில் நான் பிறந்த மன்னார் ஒன்றுதான். அதையே தூக்கிக் குளிரில் வைத்தேன். கடலோரம் கோட்டை. தீவுக்குப் போகும் நீளப் பாலம். பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத பெருக்கமரம். தெருவெல்லாம் கழுதை.

"கோட்டையைக் கட்டியது யார்?"

"போர்த்துக்கேயர்," என்றேன், மன்னார்ப் பழக்கதோஷத்தில்.

"ஸ்கொட்லாந்திலா?"

"கொஞ்ச நாள்தான் இருந்தார்கள், சிஞ்ஞோர்."

அவர் முகம் மலர்ந்தது. (அந்த முகத்தைப் பார்த்தபின் எந்தப் பாவி நிறுத்துவான்?)

மூன்றாம் மாதம் கில்பரனிலிருந்தே அவருடைய மாமன் மகள் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் பெரியவர் ஆசையோடு கழுதைகளைச் சுகம் விசாரித்தார். அந்த அம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அங்கே கடலே இல்லை என்றார். இடிந்த மடாலயம், சந்தையில் ஒரு சிலுவைத் தூண், மணிக்கூட்டுக் கோபுரம், ஆற்றின் மேல் கல்பாலம், அவ்வளவுதான்.

நான் பாஸ்தாத் தட்டோடு நின்றேன். பெரியவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகக் கேட்டார். "அப்படியென்றால் இந்த மூன்று மாதமும் நான் எந்த ஊரில் இருந்தேன்?"

"மன்னாரில்," என்றேன்.

அவர் பிறகு சாப்பிடவில்லை. சிஞ்ஞோரா கதவைத் திறந்துவிட்டார். கடிதமும் இல்லை. எங்கே போகிறேன் என்று தெரியாமல் வியா மக்வேதா தெரு முழுக்க நடந்து, வழியில் அழுது, வீடு வந்து சேர்ந்தேன். பெர்மெசோவுக்காக அதற்குப் பிறகு ஏறி இறங்கிய படிகளைச் சொல்லப்போனால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்காது.

"ஓம் எண்டு மட்டும்தானே சொல்லச் சொன்னனான்," என்றாள் மனைவி. பிறகு ஒரு கிழமை கதைக்கவில்லை.

பங்குக் கோயிலில் எங்கள் ஆட்களிடையே எனக்கு 'ஸ்கொட்லாந்தார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மகளின் கலியாணத்தில் சம்பந்தி, நான் அங்கே எத்தனை வருடம் இருந்தேன் என்று மரியாதையாக விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"மூண்டு மாதம் இருந்தவர். பிறகு கலைச்சுப்போட்டாங்கள்."